சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்

(பொன்விழாவையொட்டி நம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பொன்விழாவில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காலை ஏழரை மணிக்கு நம் கோவில் வாசலில் நின்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். மஞ்சள் வேன்கள் வரிசையாக வந்து நம் தெருப் பிள்ளைகளை டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போகின்றன. இந்தப் பக்கம் நம் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது. நம் பள்ளியையும் ஆங்கில வழிப் பள்ளியாக மாற்றிவிட்டால் என்ன என்று பங்குப் பேரவையில் கேள்வி வந்திருக்கிறது. முடிவு செய்யும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கீழ் வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பள்ளியில் ஆங்கிலத்தை இப்போது இருப்பதைக் காட்டிலும் நன்றாக, ஒன்றாம் வகுப்பிலிருந்தே கற்பிக்க வேண்டும். கணக்கையும் அறிவியலையும் தமிழிலேயே கற்பிக்க வேண்டும். ஆங்கிலம் கற்பது வேறு, ஆங்கிலத்தில் கற்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றென்று நினைப்பதால்தான் ஜூன் மாதம் பிறந்தால் பல வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

இங்கே இருக்கும் பெரியவர்களில் சிலர் பழைய லத்தீன் பூசையில் பீடச் சிறுவர்களாக இருந்தவர்கள். சாமியார் ஒன்று சொல்ல, அவர்கள் தடங்கலில்லாமல் லத்தீனில் பதில் சொல்லுவார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். இன்று எழுப்பிக் கேட்டாலும் அப்படியே சொல்லுவார்கள். ஆனால் "எனக்குப் பசிக்கிறது" என்பதை லத்தீனில் சொல்லுங்கள் என்றால் ஒருவருக்கும் தெரியாது. அதில் அவர்கள் குறை ஒன்றுமில்லை. அவர்களுக்குக் கற்பித்தது பதில்களை, மொழியை அல்ல. 1963-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் மக்களின் தாய்மொழிக்கு இடம் கொடுத்தது. சொல்லுகிற வாய்க்குப் பொருள் விளங்க வேண்டும் என்ற நியாயம் அதற்குள் இருந்தது.

இப்போது உறவினர் வீட்டுக்கு வந்ததும், "மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு கண்ணு" என்கிறோம். பிள்ளை கையைக் காலை ஆட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டொன்று பாடுகிறது. மழைக்காக நவநாள் வைக்கும் ஊரில் நின்றுகொண்டு மழையைப் போகச் சொல்லிப் பாடுகிறது! நமக்குப் பெருமை. பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாட்டு நாக்கைப் பழக்கும், வெட்கத்தைப் போக்கும். ஆனால் பாடி முடித்த பிள்ளையிடம் அதே ஆங்கிலத்தில் "உன் செருப்பு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். விழித்தால், அது இன்னும் லத்தீன் பூசையில்தான் நிற்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பள்ளிக்கூடம் ஆண்டுக்கு 200 நாள் நடக்கிறது, நாளொன்றுக்கு 40 நிமிடம் ஆங்கிலப் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் ஏறத்தாழ 133 மணி நேரம் ஆகிறது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கூட்டினால் 660 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். வீட்டிலும் தெருவிலும் பிள்ளை விழித்திருக்கும் நேரமெல்லாம் தமிழ் கேட்கிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்று கொண்டால், 660 மணி நேரம் என்பது இரண்டு மாதம்கூட இல்லை. அதாவது ஐந்து வருட ஆங்கிலப் பாடமும் ஒரு கோடை விடுமுறைத் தமிழும் சரிக்குச் சரி. அந்நிய மொழி என்பதன் பொருள் இதுதான். வகுப்பறைக் கதவைத் தாண்டினால் அதைக் கேட்கக் காது கிடையாது, பேச ஆள் கிடையாது. இவ்வளவு அருமையான 40 நிமிடத்தில் பாதியைக் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதில் கழித்தால் மிஞ்சுவது என்ன?

"அப்படியானால் சீக்கிரம் தொடங்க வேண்டும், மூன்று வயதிலேயே போட வேண்டும்" என்று ஓர் அம்மா சொல்லுவது காதில் விழுகிறது. பிள்ளைகள் மொழியைப் பஞ்சு போல் உறிஞ்சிக்கொள்வார்கள் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். மொழி சுற்றிலும் நிறைந்திருந்தால் அது உண்மை. நாளைக்கு ஒரு கைப்பிடி கிடைக்கிற இடத்தில் அப்படி இல்லை. ஸ்பெயின் நாட்டு பார்சலோனாவில் கார்மென் முன்யோஸ் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் பள்ளியில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2006-இல் நூலாக வந்தன. எட்டு வயதில் தொடங்கியவர்களையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும், இருவரும் ஒரே அளவு மணி நேரம் படித்த பிறகு ஒப்பிட்டார்கள். எழுநூறு மணி நேரத்துக்குப் பிறகும் பிந்தித் தொடங்கியவர்களே பெரும்பாலும் முந்தி நின்றார்கள். வயது ஏற ஏறப் பகுத்துப் பார்க்கும் அறிவும், படிக்கும் பழக்கமும் கைகொடுக்கின்றன. ஆகவே எல்.கே.ஜி.யில் இடம் கிடைக்கவில்லை என்று எந்தத் தாயும் இரவெல்லாம் கண்விழிக்க வேண்டாம். சின்ன வயதுக்கு உரிய வரம் வேறு: காது கூர்மை, வெட்கமின்மை, விளையாட்டில் அலுக்காத மனம். இவற்றை வைத்துத்தான் கீழ் வகுப்பில் ஆங்கிலம் நடத்த வேண்டும்.

முதலில் காது. கைக்குழந்தை ஓராண்டு காலம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. "ஏன் பேசவில்லை?" என்று நாம் அதை அடிப்பதில்லை. ஒன்றாம் வகுப்பிலும் அப்படியே. சில வாரங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் வாய் திறக்காவிட்டாலும் ஆசிரியர் பொறுக்க வேண்டும். ஆனால் கேட்டது விளங்கியதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1960-களில் ஒரு முறையை எடுத்துச் சொன்னார். ஆசிரியர் கட்டளை சொல்ல வேண்டும். பிள்ளை உடம்பால் பதில் சொல்ல வேண்டும். "ஸ்டாண்ட் அப்" என்றால் எழும். "டச் யுவர் நோஸ்" என்றால் மூக்கைத் தொடும். ஒரு வாரம் கழித்து "டச் த டோர்" என்பார் ஆசிரியர். கதவைப் பார்த்து ஓடும். பிறகு "டச் த டோர் வித் யுவர் எல்போ" என்று சொல்லுங்கள். முழங்கையால் கதவைத் தொட நாற்பது பிள்ளைகளும் முண்டியடிப்பார்கள். சிரிப்பும் சத்தமும் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் முறையிடக்கூடும். ஆனால் ஒரு வாக்கியத்தை நாற்பது பேரும் முழுவதும் விளங்கிக்கொண்டார்கள், ஒருவரும் ஒப்பிக்கவில்லை. பள்ளிக்கூடச் சாமான், உடம்பின் உறுப்பு, வீட்டு மிருகம், நிறம், எண் என்று நூறு நூற்றைம்பது சொல் இப்படியே காதில் ஏறிவிடும்.

அடுத்தது ஒலி. தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எங்கே இடறும் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம் மொழியில் சொல் மெய்யில் முடிந்தால் ஓர் உகரத்தை ஒட்டிவிடுகிறோம்: புக்கு, கப்பு, பஸ்ஸு. இரண்டு மெய் சேர்ந்து தொடங்கினால் முன்னால் ஓர் இகரம்: இஸ்கூல், இஸ்டேசன். மேற்பல் கீழுதட்டில் படும் அந்த 'ஃப' நமக்கு இல்லாத ஒலி. அதனால்தான் மின்விசிறியைச் சுழற்றச் சொல்லும்போது தலையில் ஊர்கிற பேன் வந்துவிடுகிறது. 'ஸ்' என்று சீறுவதற்கும், அதையே தேனீ போல ரீங்காரமாகச் சொல்லுவதற்கும் ஆங்கிலத்தில் வேறுபாடு உண்டு. விலைக்கும் பரிசுக்கும் உரிய இரண்டு ஆங்கிலச் சொற்களை நாம் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிரைஸ்' தான். அதனாலேயே ஆங்கில வாக்கியத்துக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வதை நான் ஆதரிப்பதில்லை. (இந்த உரை மலரில் அச்சாகும்போதும் அதே சங்கடம் வரும், வாசிக்கிறவர்கள் பொறுத்தருள்க.) பிள்ளை தன் தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். சீறும்போது தொண்டை அதிராது, ரீங்கரிக்கும்போது அதிரும். விளக்கம் வேண்டாம், விரலே சொல்லிவிடும்.

நமக்குச் சாதகமானதும் உண்டு. கப்பலுக்கும் ஆட்டுக்கும் ஆங்கிலத்தில் குறிலும் நெடிலும் போன்ற வேறுபாடு: 'ஷிப்', 'ஷீப்'. பல நாட்டுப் பிள்ளைகள் இந்த வேறுபாட்டைப் பிடிக்கத் திணறுகிறார்கள். படி வேறு, பாடி வேறு என்று அறிந்த நம் பிள்ளைக்கு அது பெரிய பாரமில்லை. தமிழ் நன்றாகக் கற்ற பிள்ளை ஆங்கில வகுப்புக்கு வெறுங்கையோடு வருவதில்லை.

எழுத்துக்கு வருகிறேன். நம் எழுத்துக்கள் 247 என்றாலும் எழுத்தின் பெயரே அதன் ஒலி. அ, ம், மா என்று கூட்டினால் அம்மா கிடைக்கிறாள். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலியோ 44-ஐ ஒட்டி இருக்கிறது. எழுத்துக்கு ஒரு பெயர், அது தரும் ஒலி வேறு. பூனையைக் காட்டி 'சி, ஏ, டி' என்று கூட்டச் சொன்னால், தமிழ் எழுத்துக் கூட்டிப் பழகிய புத்திசாலிப் பிள்ளை 'சியேட்டி' என்றுதான் சொல்லும். அதைத் தலையில் குட்டி, 'கேட்' என்று சொல் என்றால் அந்தப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? இந்த மொழியில் யோசித்தால் அடி விழும், மனப்பாடம் செய்தால் தப்பலாம் என்று முடிவு செய்யும். எட்டாம் வகுப்பு வரை வந்தும் ஆங்கிலத்தைப் படமாகப் பார்த்து ஒப்பிக்கும் பிள்ளைகள் பலர் இங்கே தடம் புரண்டவர்கள்தான். ஆகவே எழுத்தின் பெயர் பிறகு வரட்டும். முதலில் எழுத்து தரும் ஒலி; அதுவும், காதால் ஏற்கெனவே அறிந்த சொற்களில். 'கேட்', 'பேட்', 'மேட்' என்று ஒரே அச்சில் வார்த்தவை முதலில். 'பட்' என்றும் 'புட்' என்றும் வந்து குழப்புகிற முரட்டுச் சொற்கள் பின்னால் ஒவ்வொன்றாக வரலாம். அவை முரட்டுச் சொற்கள்தான் என்று பிள்ளையிடம் ஒத்துக்கொள்வதில் ஆசிரியருக்கு அவமானம் ஒன்றுமில்லை.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. அந்நிய மொழி கற்பது எப்படி என்பதில் நம் திருச்சபையின் வரலாற்றிலேயே நல்ல ஆசான்கள் உண்டு. அவர்கள் கற்றது தமிழை. முத்துக்குளித்துறையில் உழைத்து 1600-இல் மறைந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழ் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் கைவண்ணம். அவருக்குப் பின் வந்த இத்தாலியர் வீரமாமுனிவரை நாம் தேம்பாவணிக்காகப் போற்றுகிறோம். ஆனால் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஏட்டில் ஒன்றுபோல் கிடந்து மயக்கியபோது, கண்ணுக்கே வேறுபாடு தெரியும்படி எழுத்தைத் திருத்தினார். கற்கும் அந்நியனின் இடறலைத் தானே அறிந்தவர் செய்த வேலை அது. மற்றது பரமார்த்த குருவின் கதை. தமிழ் கற்க வந்த ஐரோப்பியக் குருக்கள் பேச்சு வழக்கை ஒட்டிய எளிய உரைநடையைப் படித்துப் பழக அது உதவியது. இலக்கண சூத்திரத்தோடு நிறுத்தாமல், மூடச் சீடர்களை வைத்துச் சிரிக்கச் சிரிக்கக் கதை கொடுத்தார். வயது வந்த குருக்களுக்கே சிரிப்புக் கதை தேவைப்பட்டதென்றால், ஆறு வயதுப் பிள்ளைக்கு நாம் கேள்வி பதிலை மட்டும் கொடுப்பது நியாயமா?

போர்த்துக்கீசியர் பள்ளிக்கூடம் வைக்காமலே நம் வாயில் விட்டுச் சென்ற சொற்களையும் பாருங்கள்: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, கோப்பை, மேஸ்திரி. பொருள் கையில் இருந்தது, சொல்லுக்குத் தேவை இருந்தது, ஒட்டிக்கொண்டது. இன்று நம் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வரும்போதே பஸ், டிக்கெட், லைட், சைக்கிள், பால், போன் என்று ஐம்பது ஆங்கிலச் சொல்லுக்குச் சொந்தக்காரன். அவற்றிலிருந்து தொடங்கினால் முதல் நாளே அவன் ஆங்கிலம் தெரிந்தவன் ஆகிறான்.

நம் மாநிலத்தில் இதற்கு முன் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்றைய சென்னை மாநிலத்தில், ஆரம்ப ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெரிய திட்டம் ஒன்று நடந்தது. அதற்குப் பனிப்பந்து என்று பெயர் வந்துவிட்டது. உருட்ட உருட்டப் பனி ஒட்டிப் பந்து பெருக்கிறதல்லவா, அதுபோலச் சிலர் பயிற்சி பெற்றுப் பலருக்குக் கொடுப்பார்கள், அந்தப் பலர் இன்னும் பலருக்குக் கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் இப்படிக் கை மாறும் எந்தப் பயிற்சியிலும் கடைசிக் கைக்கு வந்து சேர்வது நீர்த்த மோர். அந்தக் காலத்து அமைப்பு முறைப் பாடம் சில வகுப்புகளில் எப்படி நடந்தது என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி "திஸ் இஸ் எ புக்" என்பார், வகுப்பே கத்தும். அது புத்தகம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாக்கியம் சரி, அதைச் சொல்லக் காரணம்தான் இல்லை.

இந்தக் குறையைக் கண்டு மாற்று வழி தேடியவர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில இடங்களிலும் சாதாரணப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களால் இன்றும் பேசப்படுகிறது. இலக்கண அமைப்பை வரிசையாகக் கற்பிப்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வேலை கொடுத்தார். ஒரு வரைபடம், ஒரு ரயில் கால அட்டவணை. அதைப் பார்த்து விடை கண்டுபிடிக்க வேண்டும். மனம் விடையைத் தேடுகிறபோது மொழி பின்னாலேயே வந்து சேரும் என்பது அவர் நம்பிக்கை. நம் மூன்றாம் வகுப்பிலும் இதைச் செய்யலாம். பஸ் நிலையத்தில் எழுதிப் போட்டிருக்கும் நேரங்களை ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதுங்கள். பத்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். விடை தெரிந்தவன் கத்தாமல் இருக்க மாட்டான்.

"எங்கள் ஆசிரியர்களுக்கே சரளமாகப் பேச வராதே" என்பீர்கள். சரளம் தேவைப்படும் வகுப்பு இதுவல்ல. உட்கார், திற, மூடு, யார் சொல்கிறீர்கள், இன்னொரு முறை, நன்று, பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடு என்று ஐம்பது வாக்கியத்தைத் தினமும் தவறாமல் ஆங்கிலத்தில் சொன்னால் போதும். வேன் வைத்து அழைத்துப் போகும் பள்ளிகளில் நான் மெச்சுகிற ஒன்று அதுதான்: அங்கே தண்ணீர் குடிக்கப் போவதற்கும் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அந்த நல்லதை நாம் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது.

ஆனால் தமிழ் பேசினால் அபராதம் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறதே, அதை நான் கண்டிக்கிறேன். புதுச் சொல்லுக்குப் பொருள் சொல்லப் பத்து நிமிடம் நடித்துக் காட்டுவதைவிட ஒரு தமிழ்ச் சொல் சொல்லிவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்புவது மேல். வாக்கிய அமைப்பிலும் அப்படியே. தமிழில் வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வந்துவிடும். இதை இலக்கணமாக விளக்காமல் விளையாட்டாகக் காட்டலாம். நான்கு பிள்ளைகள் கழுத்தில் ஒவ்வொரு சொல் அட்டையைத் தொங்கவிட்டு நிறுத்துங்கள். தமிழ் வரிசையில் கடைசியில் நிற்கும் வினைப் பிள்ளை, ஆங்கிலம் என்று சொன்னதும் ஓடி வந்து இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும். தன் மொழியை மறக்கச் சொல்லாமல், அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுகிறோம். "ஆங்கிலத்தில் பேசு, இல்லாவிட்டால் வாயை மூடு" என்று சொன்னால் சின்னப் பிள்ளை செய்வது இரண்டாவதைத்தான்.

இனி பயிற்று மொழி. இதில்தான் பலருக்கு என்மேல் கோபம் வரும். உங்கள் ஆசையை நான் வீண் பகட்டு என்று சொல்ல மாட்டேன். கல்லூரியில் பாடம் புரியாமல் முதலாண்டிலேயே சோர்ந்த பிள்ளைகளை நாம் அறிவோம். நம் பங்கிலிருந்து வெளிநாடு செல்ல விரும்பும் செவிலியர் பெண்கள், தொழிலில் கெட்டிக்காரிகளாக இருந்தும், ஆங்கிலத் தேர்வில் மறுபடி மறுபடி உட்காருவதை அறிவோம். அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. காலத்தின் போக்கு தெரிந்தே பேசுகிறேன்.

ஆனால் மூன்றாம் வகுப்பு அறிவியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'ஆவியாதல்' என்று படிக்கிறது பிள்ளை. இட்லிப் பானையைத் திறந்தால் மேலே எழும்புகிற ஆவியை அது தினமும் பார்க்கிறது. பாடத்தின் பாதி அடுப்பங்கரையிலேயே முடிந்துவிட்டது. 'இவாப்பரேஷன்' என்று படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லில் பானையும் இல்லை, ஆவியும் இல்லை. எழுத்தை வரிசையாக மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குகிறது. கணக்கிலே கடன் வாங்கிக் கழிப்பதும் அப்படித்தான். கடன் என்றால் என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கா தெரியாது! ஆங்கில வழி வகுப்புகள் பலவற்றில் ஆசிரியர் விளக்குவது தமிழில்தான். நோட்டுப் புத்தகம் மட்டும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் வீட்டிலும் புழங்குகிற குடும்பத்துப் பிள்ளை அங்கே தேறிவிடுகிறது. அந்தப் பெருமையைப் பள்ளி எடுத்துக்கொள்கிறது. வீட்டில் அது இல்லாத பிள்ளை நான்காம் வகுப்பில் தமிழையும் எழுத்துக் கூட்டுகிறது, ஆங்கிலத்தையும் எழுத்துக் கூட்டுகிறது.

கற்பிக்கச் சிறந்த மொழி பிள்ளையின் தாய்மொழியே என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953-இல் நிபுணர் அறிக்கை வெளியிட்டது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி நம் மாநிலத்தில் பல கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றுக்குள் நான் போகவில்லை. ஆனால் முடிந்த இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று அதுவும் சொல்லுகிறது. இங்கிலீஷ்காரன் ஆண்ட காலத்திலேயே 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, பொதுமக்களின் தொடக்கக் கல்விக்கு அந்தந்த நாட்டு மொழி, மேற்படிப்புக்கு ஆங்கிலம் என்றுதான் பிரித்தது. வாசிக்கக் கற்பது ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. எழுத்துக்குப் பின்னால் பொருள் இருக்கிறது என்ற அந்தத் திறப்பு எந்த மொழியில் நடந்தாலும் மற்ற மொழிக்கும் சேர்த்தே நடக்கிறது. அது விளங்குகிற மொழியில் நடப்பதுதான் எளிது.

வீட்டில் என்ன செய்யலாம் என்று தாய்மார்கள் கேட்பீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது ஒரு தடையே இல்லை. சாயங்காலம் பிள்ளையிடம், "இன்று படித்ததை எனக்குச் சொல்லிக்கொடு" என்று மாணவியாக உட்காருங்கள். அதற்கு ஆசிரியராக இருப்பது பிடிக்கும். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்கத் தனக்கே பதியும். உங்களை நாலு முறை திருத்தட்டும், கோபிக்காதீர்கள். தமிழில் கதை சொல்லுங்கள், கோவில் வாசகத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் ஆங்கிலத்துக்கு உதவிதான். 'வென்ட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கோ-எட்' என்று சொன்னால் சிரிக்க வேண்டாம். யாரும் கற்பிக்காத ஒரு விதியைத் தானே கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்; ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தையும் அப்படித்தான் சொல்லும். செல்போனில் ஆங்கில கார்ட்டூன் ஓடவிட்டுச் சமையலுக்குப் போவது பாடம் ஆகாது. அது பேசுமே தவிரப் பதிலுக்குக் காத்திருக்காது. அரை மணி நேரம் பார்த்தால் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பூனைக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தமிழில் கேட்டாலும் பரவாயில்லை.

நம் ஆசிரியர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். ஒன்றாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் விடுமுறை வரை ஆங்கில நோட்டு வேண்டாம். காதும் வாயும் உடம்பும் வேலை செய்யட்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் படக்கதைப் புத்தகம் இருபது வாங்கி, பூட்டிய அலமாரியில் வைக்காமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். விழா வசூலில் மீதி இருந்தால் அதற்குக் கொடுக்கலாம் என்று பங்குத் தந்தை அவர்கள் காலையில் தலையசைத்தார்கள். இவ்வளவு பேருக்கு முன்னால் நான் அதைச் சொல்லிவிட்டதால் இனி மாற்ற மாட்டார்கள் என்று நம்புகிறேன். தேர்வில் வாய்மொழிக்கும் மதிப்பெண் கொடுங்கள். ஆண்டு முடிவில் பெற்றோரை அழைத்து, பிள்ளைகள் ஒப்பிப்பதைக் காட்டாமல், அவர்களோடு ஆங்கிலத்தில் பேசிக் காட்டுங்கள். வேன் வாங்க நமக்கு வசதி இல்லை. ஆனால் நம் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லுவதைத் தாய் தன் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த ஜூனில் அவள் எந்தப் பக்கம் நடப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இப்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மேடைக்கு வருகிறார்கள். மூன்று வாரமாக நம் ஆசிரியை பள்ளி நேரத்திலேயே இவர்களோடு நான் சொன்னபடி உழைத்திருக்கிறார்கள். பாட்டும் கிடையாது, ஒப்பித்தலும் கிடையாது. அவர்கள் முன்பின் கேட்டிராத கட்டளைகளை நான் ஆங்கிலத்தில் சொல்லுவேன், அவர்கள் செய்வார்கள். சிலர் தடுமாறலாம். பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: உட்கார்ந்த இடத்திலிருந்து சைகை காட்டாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பின்னால் நிற்கிற தகப்பன்மார்களும் தயவுசெய்து உட்காருங்கள், பிள்ளைகள் ஓடுவதற்கு இடம் வேண்டும்.